கிளினிக்கில் மருந்து இல்லை என்று துண்டு எழுதித் தருவதற்கு யார் காரணம்?

உவர்மலை:

சலரோகத்துக்கும் (நீரிழிவு) பிரஷருக்கும் திருகோணமலை மாவட்ட அரச ஆஸ்பத்திரிகளில் கிளினிக் கொப்பி வைத்திருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நாலு மருந்தில் இரண்டு உள்ளே கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் துண்டு எழுதித் தந்து வெளியில் வாங்கச் சொல்வார்கள். 2022 இல் டொலர் இல்லை என்றார்கள். சரி, நாடே வரிசையில் நின்ற காலம், யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆனால் அதற்கு முன்பும் துண்டு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

1951 இல் அரச ஆஸ்பத்திரிக் கட்டணத்தையே எடுத்துவிட்ட நாடு இலங்கை. இன்றைக்கு மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறக்குறையப் பாதி மக்களின் கையிலிருந்து நேரடியாகப் போகிறது: மருந்துக்கடை, இரத்தப் பரிசோதனை, தனியாரிடம் காசு கட்டி டொக்டரைப் பார்க்கும் சேனலிங். 2015 இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வந்தது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வைத்தார்கள். 2018 இல் ஊருக்குப் பக்கத்திலுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளைப் பலப்படுத்தும் கொள்கையும் வந்தது. எல்லாம் நல்ல திட்டங்கள். ஏன் எதுவும் முழுசாக எங்கள் ஊர் வரை வந்து சேரவில்லை? காசு இல்லை என்ற பதில் எனக்குப் போதாது. எங்கே தடைபடுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பாலையூற்று மருந்தாளர்:

தங்கச்சி, உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் பழைய கதையிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும். இந்த நாடு ஐம்பது வருடத்துக்கு முன்பே இதை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது.

பேராசிரியர் சேனக பிபிலே, பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி. அவரும் கம்யூனிஸ்ட் கட்சியின் டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்குங்கள், கொம்பனி வைக்கும் வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரில் உலகம் முழுக்க விலைமனு கேளுங்கள், ஒரே இடத்தால் வாங்குங்கள் என்றார்கள். அதற்காகவே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலேதான் அதன் முதல் தலைவர். சந்தையில் இருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்து வகைகள் அறுநூறு அளவுக்குக் குறைந்தன. பிறகு மூலப்பொருளையும் கூட்டுத்தாபனமே மலிவாக வாங்கி, இங்கே தொழிற்சாலை வைத்திருந்த வெளிநாட்டுக் கொம்பனிகளிடம் கொடுத்துக் குளிசை செய்யச் சொன்னது.

அங்கேதான் முட்டியது. 1974 இல் கொலரா பரவியபோது டெட்ராசைக்கிளின் அவசரமாகத் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் ஹெக்ஸ்ட் கொம்பனியிடம் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு கப்ஸ்யூல் செய்ய அமெரிக்கக் கொம்பனியான ஃபைசர் மறுத்தது. கடைசியில் கூடிய விலைக்கு விமானத்தில் இறக்கினார்கள். தொழிற்சாலையை அரசு எடுக்க வேண்டும் என்ற பேச்சு எழும்பியவுடன் அமெரிக்கத் தூதுவர் நேரே பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவிடம் போனார். தொழிற்சாலையில் யாரும் கை வைக்கவில்லை. 1977 இல் ஆட்சி மாறியது, தனியார் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். அதே வருடம் செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். அவருடைய கொள்கையை அமைச்சரவை ஏற்றுக்கொண்டது 2005 இல், அது சட்டமானது 2015 இல்.

1971 அறிக்கைக்கும் 2015 சட்டத்துக்கும் நடுவில் 44 வருடம். இத்தனை காலத்தில் எத்தனையோ அரசாங்கங்கள் வந்து போயின. எந்த அமைச்சராவது மேடையில் ஏறி மலிவு மருந்து வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. எல்லோரும் பிபிலேக்கு மாலை போட்டார்கள். கோப்பு மட்டும் நகரவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். இங்கே சீர்திருத்தத்தை யாரும் தோற்கடிப்பதில்லை, தாமதப்படுத்துகிறார்கள். தாமதத்தால் லாபம் அடைகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் எவ்வளவு லாபம் என்று துல்லியமாகத் தெரியும். நட்டப்படும் நாங்கள் லட்சக்கணக்கில் இருக்கிறோம், ஒவ்வொருவருக்கும் நட்டம் மருந்துக்கடை ரசீது அளவுதான். அதற்காக யார் கொழும்புக்குப் போய்ச் சண்டை பிடிப்பது?

கவுண்டரில் நான் பார்ப்பதையும் சொல்கிறேன். துண்டில் அநேகமாக வணிகப் பெயர்தான் இருக்கும். அதே மருந்து, அதே மில்லிகிராம், பல மடங்கு குறைந்த விலையில் என் அலுமாரியில் இருக்கும். எடுத்துக் காட்டினால், "டொக்டர் எழுதினதையே தாங்கோ" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வருத்தக்காரனுக்குப் பயம் இருக்கும். அந்தப் பயத்தில்தான் விற்பனைப் பிரதிநிதிகளின் முழு வியாபாரமும் நடக்கிறது.

கிண்ணியா ஆலங்கேணி:

அண்ணை, கொம்பனிக் கதை முழுக்கச் சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் அரசியல்தான் முதல் தடை. தேர்தலுக்குத் தேர்தல் ஒரே வாக்குறுதி, ஆஸ்பத்திரியைத் தரமுயர்த்துவோம். தரமுயர்த்துவது என்றால் புதுப் பெயர்ப்பலகை, புதுக் கட்டடம், நாடா வெட்டும் விழா. ஆளணி வராது. மயக்க மருந்து டொக்டர் இல்லாமல் சத்திரசிகிச்சைக் கூடத்தைத் திறந்து என்ன செய்வது? அம்புலன்ஸில் ஏற்றித் திருகோணமலைக்கு அனுப்புவதுதான் நடக்கும்.

2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு எப்படி அடித்தது என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். பள்ளிக்கூடங்களையே சில நாள் மூட வேண்டி வந்தது. அந்த வருடம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு. அப்போது எங்களுக்குத் தேவைப்பட்டது முன்கூட்டியே கிணறு, வடிகால், குப்பை பார்க்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், காய்ச்சல் வந்த முதல் நாளே இரத்தம் சோதிக்கிற சின்ன ஆய்வுகூடமும். இவற்றுக்கு நாடா வெட்ட முடியாது. அதனால் எந்த அரசியல்வாதிக்கும் ஆர்வம் இல்லை. வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், கட்டடம் தருவோம் என்றார்கள்.

மத்திய வீதி:

ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். நானும் வியாபாரக்காரன், மருந்து வியாபாரம் இல்லை, ஆனால் இறக்குமதி தெரியும். நாட்டுக்குத் தேவையான மருந்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. உச்ச விலை வைக்கும்போது ரூபாவின் பெறுமதி ஒன்று, கப்பல் வந்து சேரும்போது வேறொன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா, மே மாதம் 360 ஐத் தாண்டியது. பழைய விலைக்கே விற்கச் சொன்னால் யார் இறக்குவார்கள்? அரசே அதை உணர்ந்து மார்ச்சில் 29 சதவீதமும், ஏப்ரல் முடிவில் 60 மருந்துகளுக்கு 40 சதவீதமும் கூட்டியது. கட்டுப்பாட்டு விலை கட்டுப்படியாகாத மருந்தை இறக்குமதியாளர் பேசாமல் நிறுத்திவிடுவார். அப்புறம் மலிவு மருந்து பட்டியலில் மட்டும்தான் இருக்கும். இதைச் சொன்னால் உடனே முதலாளியின் ஆள் என்பீர்கள்.

பாலையூற்று மருந்தாளர்:

உங்களை யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஐயா. ரூபா விழுந்தால் விலை ஏறத்தான் வேண்டும். அதற்கு முறையான கணக்கு வேண்டும்: நாட்டுக்குள் வந்து சேர்ந்த விலை இவ்வளவு, அதன் மேல் இத்தனை சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு. இப்படி ஒரு சூத்திரத்தைப் பகிரங்கமாக வைத்தால் இறக்குமதியாளருக்கும் நிச்சயம் இருக்கும், எனக்கும் கவுண்டரில் பதில் சொல்ல முடியும். சூத்திரம் இல்லாத இடத்தில் அமைச்சரைச் சந்திக்கக் கூடியவருக்கு ஒரு விலையும் சந்திக்க முடியாதவருக்கு இன்னொரு விலையும் வரும். நேர்மையான இறக்குமதியாளரும் அதில் அடிபடுகிறார்.

மதுரை வாசகன்:

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கே 1994 இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கினார்கள். அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்து எல்லாம் பொதுப்பெயரில், ஒரே டெண்டரில் வாங்குகிறார்கள். மாவட்டத்துக்குக் கிடங்கு இருக்கிறது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் மாதிரி ஒரு கணக்கு. வருகிற ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்து வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள், தேறாத கம்பெனியைக் கறுப்புப் பட்டியலில் போடுவார்கள். அட்டையிலேயே விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். தி.மு.க., அ.தி.மு.க. இரண்டு ஆட்சியிலும் அது கலையாமல் நின்றது பெரிய விஷயம்.

ஆனால் 2009 இல் இருந்து காப்பீட்டுத் திட்டம் வந்து, அரசுப் பணம் தனியார் மருத்துவமனைகளுக்கும் போகிறது. ஏழைக்கு இதய அறுவை சிகிச்சை கிடைக்கிறது, மறுக்கவில்லை. அந்தப் பணத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் என்னென்ன கட்டியிருக்கலாம் என்ற கேள்வி மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது. காப்பீடு கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அங்கே யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

வார்ட் டொக்டர்:

அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். மருந்தாளர் அண்ணை சொன்னதில் ஒன்றை நான் விடமாட்டேன். வணிகப் பெயர் எழுதும் எல்லோரும் பிரதிநிதியின் பேனைக்காக எழுதவில்லை. தொற்று முற்றிய ஒருவருக்கு மூன்று நாள் மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்காவிட்டால், மருந்து சரியா என்ற சந்தேகம் எங்களுக்கு வரும். தரம் சரியில்லை என்று தொகுதி தொகுதியாக மருந்துகளைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் வருகிற நாட்டில் அந்தச் சந்தேகம் நியாயமானது. 2023 இல் போலி இம்யூனோகுளோபியூலின் (நோய் எதிர்ப்புக்கு ஏற்றும் மருந்து) ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே வந்தது. சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல அது தொடர்பாக 2024 பெப்ரவரியில் கைதானார். அதற்குச் சில மாதம் முன்னால்தான் அவருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையைப் பாராளுமன்றம் தோற்கடித்திருந்தது. அவசரம் என்று சொல்லிப் பதிவு இல்லாத மருந்தை உள்ளே விடும் வழியைத் திறந்து வைத்தால் இப்படித்தான் நடக்கும்.

பொதுப்பெயர் மருந்துக்கு நான் எதிரி இல்லை. ஆய்வுகூடமும் ஆட்களும் உள்ள, அமைச்சரின் தொலைபேசிக்குப் பயப்படாத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை வேண்டும். சட்டத்தில் அது இருக்கிறது. நடைமுறையில் பலவீனமாக வைத்திருக்கிறார்கள். அது பலவீனமாக இருக்கும் வரை கொம்பனிகள் தரத்தைக் காட்டிப் பயமுறுத்தி விலையுயர்ந்த வணிகப் பெயரை விற்கும். அந்தப் பயத்தை உடைக்க என்னிடம் ஆதாரம் கிடையாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

டொக்டர், உங்கள் மனநிலை விளங்குகிறது. ஆனால் உங்கள் சங்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2024 ஜனவரியில் டொக்டர்மாரின் கொடுப்பனவை 35,000 இலிருந்து 70,000 ரூபாவாகக் கூட்டினார்கள். மற்றச் சுகாதார ஊழியர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு இராணுவத்தை அனுப்பும் நிலை வந்தது. யாருடைய கோரிக்கையையும் நான் தப்பு என்று சொல்லவில்லை, விலைவாசி அப்படி. ஆனால் கிளினிக்கில் மருந்து இல்லை என்பதற்காகவோ, வெருகல் பக்கம் டொக்டர் இல்லை என்பதற்காகவோ ஒருநாளாவது நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்ததா? பகல் அரச ஆஸ்பத்திரியிலும் பின்னேரம் சேனலிங்கிலும் ஒரே ஆளே இருக்கும்போது, காலை வரிசை குறைய வேண்டும் என்ற அவசரம் எங்கிருந்து வரும்?

இன்னொன்று. 1971 இல் வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் கட்டணம் வைத்தார்கள். பிபிலேக்கு இடம் கொடுத்த அதே அரசாங்கம்தான். 1977 இல் வந்த அரசாங்கம் அந்த 25 சதத்தை எடுத்துவிட்டது, மருந்து இறக்குமதியையும் திறந்துவிட்டது. வாசலில் கட்டணம் இல்லை என்று காட்டுவது எல்லாக் கட்சிக்கும் வசதி, அது கண்ணுக்குத் தெரியும். மருந்துக்கடையில் போகும் காசு யாருடைய தேர்தல் கணக்கிலும் வராது.

வார்ட் டொக்டர்:

டீச்சர், சேனலிங் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். பலர் நேர்மையாகச் செய்கிறார்கள், ஆனால் முறையே பிழையான பக்கம் தள்ளுகிறது. அதை மாற்ற வேண்டும் என்றால் முழுநேர அரச சேவைக்குத் தகுந்த சம்பளம் வேண்டும். அதைக் கொடுக்காமல் பின்னேரம் உழைத்துக்கொள்ளுங்கோ என்று விட்டது அரசுதான். நெருக்கடிக்குப் பிறகு என்னோடு படித்தவர்கள் எத்தனையோ பேர் வெளிநாடு போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற எங்களைத் திட்டித் திருத்த முடியாது.

மூதூர் கரை:

எல்லோரும் பெரியாஸ்பத்திரியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மூதூர், அதற்கும் தள்ளிச் சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று போகிறது. எங்கள் ஆட்களுக்கு ஒரு சலரோக மருந்துக்காகத் திருகோணமலைக்குப் போய் வருவது என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். 2018 கொள்கையில் என்ன சொன்னார்கள்? ஒவ்வொரு ஆளையும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்வது, அங்கே நிரந்தரமாகக் குடும்ப மருத்துவர் ஒருவர், அடிப்படை மருந்தும் பரிசோதனையும் அங்கேயே. தேவைப்பட்டால் மட்டும் மேலே அனுப்புவது. உலக வங்கி 20 கோடி டொலர் கடன் தந்த திட்டம் அது. இதுதான் எங்களுக்குத் தேவையானது.

இதை யார் கேட்டு வாங்க வேண்டும்? சட்டப்படி சுகாதாரம் மாகாணத்துக்குரியது, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் இருக்கிறது. போதனா ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கொள்வனவும் கொழும்பின் கையில். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 இல். 2017 செப்டெம்பரில் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாண சுகாதார அமைச்சர் என்று ஒருவரும் இல்லை, ஆளுநர்தான். சபை திருகோணமலையில்தான் இருந்தது, போய் வாசலில் நின்றாவது கேட்கலாம். இப்போது யாரிடம் கேட்பது? மாகாணத்தில் கேட்டால் மருந்து கொழும்பால் வர வேண்டும் என்கிறார்கள். கொழும்பில் கேட்டால் அது மாகாண ஆஸ்பத்திரி என்கிறார்கள்.

நல்லது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸைப் பாருங்கோ. 2016 இல் இந்திய உதவியில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியபோது எத்தனை எதிர்ப்பு. 2018 இல் மற்ற மாகாணங்களுக்கும் விரிக்கத் தொடங்கினார்கள், இன்றைக்கு அதை நிறுத்தும் தைரியம் எந்த அரசாங்கத்துக்கும் இல்லை. அதனால் பெரிதாக யாருடைய வருமானமும் குறையவில்லை, பயன் முதல் நாளே வீட்டு வாசலில் தெரிந்தது. குடும்ப மருத்துவர் திட்டம் அப்படி இல்லை. அது ஒழுங்காக நடந்தால் சேனலிங்கில் ஆள் குறையும், ஆய்வுகூடங்களில் ஆள் குறையும், பெரியாஸ்பத்திரிக் கட்டடத்துக்குக் காரணம் குறையும். எதிர்க்க ஆள் இருக்கிறது, ஆதரிக்க வேண்டிய நாங்கள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கிறோம்.

நிலாவெளி:

மூதூர் அண்ணன் சொன்னதோடு சிகரெட் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. 2012 இல் பெட்டியின் 80 சதவீதத்துக்குப் படத்துடன் எச்சரிக்கை போட ஒழுங்குவிதி வந்தது. சிலோன் டுபாக்கோ கொம்பனி நீதிமன்றம் போனது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 50 முதல் 60 சதவீதம் என்று குறைத்தது. 2015 இல் பாராளுமன்றம் சட்டம் திருத்தித்தான் 80 ஐத் திரும்பக் கொண்டுவந்தது. வழக்கு நடந்த காலம் முழுக்கப் பழைய பெட்டிதான் விற்றது. கொம்பனிக்கு வழக்கில் வெல்லக்கூட வேண்டாம், இழுத்தாலே போதும். சீனி பானங்களுக்கு 2017 இல் வந்த வரியும் அடுத்த வருடமே குறைந்தது. கடைசியில் இந்த நோயெல்லாம் வந்து சேர்வது அதே கிளினிக் வரிசைக்குத்தான்.

ஆனால் அந்த 80 சதவீதம் கடைசியில் வந்ததும் உண்மை. விடாமல் நின்ற டொக்டர்மாரும் அமைப்புகளும் இருந்தபடியால் வந்தது.

உவர்மலை:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இப்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கொழும்பில் நடப்பதை இங்கிருந்து மாற்ற முடியாவிட்டாலும், எங்கள் மாவட்டத்தில் எந்த மருந்து, எத்தனை நாள், ஏன் இல்லை என்ற விவரமாவது வெளியில் வர வேண்டும். அது இல்லாமல் யாரிடம் போனாலும் கையில் ஒன்றும் இல்லாமல் போகிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்கலாமா?

பாலையூற்று மருந்தாளர்:

தாராளமாகக் கேட்கலாம். 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கச் சட்டம். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஆனால் கேள்வியைச் சரியாகக் கேளுங்கோ. மருந்துத் தட்டுப்பாடு பற்றி என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கடந்த 12 மாதத்தில் சலரோகம், பிரஷர், கொழுப்பு, ஆஸ்துமா மருந்துகளில் எவை கையிருப்பில் பூச்சியமாக இருந்தன, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று கேளுங்கோ. அரச ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் மருத்துவ விநியோகப் பிரிவிடம் கேட்ட அளவு என்ன, வந்த அளவு என்ன என்று கேளுங்கோ. மிக முக்கியம், உள்ளூர்க் கொள்வனவு. மேலிருந்து மருந்து வராதபோது ஆஸ்பத்திரி இங்கேயே அவசரமாக வாங்கும். எந்த மருந்து, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்ற பட்டியல் வந்தால், தட்டுப்பாட்டில் லாபம் யாருக்குப் போகிறது என்று நாங்கள் ஊகிக்கத் தேவையில்லை.

மூதூர் கரை:

மூதூருக்கு நான் எழுதுகிறேன். கிண்ணியாவுக்கு ஆலங்கேணி நானா எழுதுவாரா? ஒரே கேள்விகள், ஒரே கிழமையில் போக வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கிண்ணியா ஆலங்கேணி:

எழுதுகிறேன். கந்தளாயில் எனக்குத் தெரிந்த சிங்கள நண்பர் ஒருவர் இருக்கிறார், அங்கேயும் இதே துண்டுதான். மருந்தாளர் அண்ணை கேள்விகளை ஒழுங்காக அடித்துப் போட்டால் அவரைக் கொண்டு சிங்களத்திலும் எழுதுவித்து அனுப்பலாம்.

வார்ட் டொக்டர்:

கேள்வியில் இன்னொன்றையும் சேருங்கள்: தரப் பிரச்சினையால் திருப்பி அனுப்பிய தொகுதிகளுக்குப் பதில் மருந்து எத்தனை நாளில் வந்தது என்று. அந்தப் பதில் எங்களுக்கும் வேண்டும்.